பொதிகை மழைக்காட்டில் ஒரு நாள் நடை: தனியாகப் போகிறவர்களுக்கு

குற்றாலத்துக்குச் சாரல் அனுபவிக்கப் போகிறவர்களும் பாபநாசத்தில் முழுக்குப் போட வருகிறவர்களும் அண்ணாந்து பார்க்கிற அந்த நீல மலைக்குள்ளே அசல் மழைக்காடு இருக்கிறது. வண்டியில் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அது பிடிபடாது. நடக்க வேண்டும், அதுவும் காடு அறிந்த ஒருவர் முன்னால் நடக்க வேண்டும். கூட வர ஆள் இல்லாமல், தனியாகப் போகலாமா, யாரைக் கேட்பது, என்ன எடுத்துக்கொள்வது என்று தயங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தனியாகப் போகலாம். என்னைக் கேட்டால் முதல் தடவை தனியாகப் போவதே நல்லது. நாலு நண்பர்கள் சேர்ந்தால் பேச்சு ஓயாது. பேச்சு ஓயாத இடத்தில் எந்த விலங்கும் நிற்காது. ஆனால் தனியாகப் போவது வேறு, வழிகாட்டி இல்லாமல் போவது வேறு. சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். டீக்கடையில் பழக்கமான பையன் ஒருவன் குறுக்குவழியில் கூட்டிப் போகிறேன் என்பான். போகாதீர்கள். பிடிபட்டால் நீங்கள் அபராதம் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவீர்கள். அவன் அங்கேயே பிழைக்க வேண்டியவன்.

எது மழைக்காடு என்று தெரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் முதலில் ஏமாறுவது இங்கேதான். பாபநாசம் சோதனைச்சாவடியைத் தாண்டியதும் பச்சைப்பசேல் என்று இருக்கும் என்று நினைத்து வருவார்கள். இருக்காது. மலையின் கிழக்கு அடிவாரம் மழை மறைவுப் பகுதி. முதலில் வருவது முள்ளும் பாறையும், பிறகு இலையுதிர் மரங்கள். முண்டந்துறைப் பக்கம் புள்ளிமான் கூட்டம் மேய்வதைப் பார்த்தால் அது வறண்ட காடு என்று புரிந்துகொள்ளலாம். ஏறக்குறைய 600, 700 மீட்டர் உயரத்துக்கு மேலேதான் என்றும் பசுமையான காடு முழுதாகத் தொடங்குகிறது. ஆறும் ஓடையும் இறங்குகிற பள்ளங்களில் மட்டும் அந்தப் பசுமை கீழே வரைக்கும் வரும். ஆக, ஒரே நாளில் முள்காட்டிலிருந்து மழைக்காட்டுக்கு நடந்தே போய்விடலாம். இந்த மலையின் சிறப்பே அதுதான் என்பேன்.

இதெல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருகிறது. முண்டந்துறை 1962-இலேயே புலிகளுக்கான சரணாலயம் ஆனது. களக்காட்டை 1976-இல் சரணாலயம் ஆக்கியதற்கு முக்கியக் காரணம் சோலைமந்தி என்கிற சிங்கவால் குரங்கு. இரண்டையும் சேர்த்து 1988-இல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். இதையும் கேரளப் பக்கத்துக் காடுகளையும் உள்ளடக்கிய அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தை யுனெஸ்கோ 2016-இல் தன் உலகப் பட்டியலில் சேர்த்தது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலை இதற்கெல்லாம் தலைமாடு. தாமிரபரணி பிறப்பதும் அங்கேதான். திருநெல்வேலிக்காரர்கள் குடிக்கிற தண்ணீர் இந்தக் காட்டின் பஞ்சு மண்ணிலிருந்து கசிந்து வருவது என்று தெரிந்து நடந்தால் காலை வைக்கும்போதே கொஞ்சம் மரியாதை வரும்.

அனுமதியும் வழிகாட்டியும்

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் தீயில் சிக்கிப் பலர் இறந்த பிறகு, தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கான விதிகள் இறுகிவிட்டன. அது நல்லதற்குத்தான். இப்போது நேர்வழி, வனத்துறையின் தமிழ்நாடு மலையேற்றத் திட்டம். 2024 அக்டோபரில் 40 வழித்தடங்களோடு தொடங்கியது. நம் திருநெல்வேலி மாவட்டத்தில், பாபநாசத்துக்கு மேலே உள்ள காரையார் பக்கம் மூலக்காசம், இஞ்சிக்குழி போன்ற தடங்கள் அதில் உண்டு. திட்டத்தின் இணையதளத்திலேயே பதிவு செய்து பணமும் கட்டிவிடலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்திருப்பார்கள். சமதளத்தில் பத்து கிலோமீட்டர் நடக்கிறவர்கூட முதல் தடவை 'கடினம்' பக்கம் போக வேண்டாம். மழைக்காட்டில் தூரம் ஆளைக் களைப்பாக்காது. வேரும் வழுக்குப் பாறையும் புழுக்கமும்தான் களைப்பாக்கும்.

தனியாகப் பதிவு செய்தாலும் அன்றைக்கு வருகிற மற்றவர்களோடு சேர்த்துத்தான் அனுப்புவார்கள். வருத்தப்பட வேண்டாம். கூட்டத்தில் உங்களுக்குப் பேச ஆள் கிடையாது, அது ஒரு வசதி. வழிகாட்டிக்கு நேர் பின்னால் உள்ள இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் கேட்பதை நீங்களும் கேட்கலாம், அவர் தலை திரும்புகிற பக்கம் உங்கள் தலையும் திரும்பும். வரிசையின் கடைசியில் நடக்கிறவருக்கு அசைந்து முடித்த கிளைதான் மிச்சம்.

இந்தத் திட்டத்தில் வழிகாட்டிகளாகப் பயிற்சி கொடுத்திருப்பது பழங்குடி இளைஞர்களுக்கும் காட்டோரத்து ஊர்க்காரர்களுக்கும். நம் பக்கம் அது பெரும்பாலும் இந்த மலையின் பழங்குடிகளான காணிக்காரர்கள். நடை தொடங்குமுன் அவரிடம் இரண்டு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: உடம்பு எப்படி (முட்டிவலி, மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம்), என்ன பார்க்க ஆசை. "அண்ணே, எனக்கு வேகமா ஏற வராது, ஆனா பறவை காட்டுனா போதும்" என்று சொன்னால் அவர் நடையையே மாற்றிவிடுவார். ஒன்றும் சொல்லாவிட்டால், வந்தவர்கள் எல்லாரையும் போல அருவியும் செல்ஃபியும்தான் வேண்டும் என்று எண்ணிக்கொண்டு விறுவிறுவென்று நடத்திப் போய்விடுவார்.

மாஞ்சோலை, காக்காச்சி, குதிரைவெட்டிப் பக்கம் உயரமான மழைக்காடு சாலையோரமாகவே இருக்கிறது. அங்கே தேயிலைத் தோட்டம் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகையில் வந்தது. இப்போது தோட்டம் நிற்கிற நிலையும் போக்குவரத்து விதிகளும் மாறிக்கொண்டிருப்பதால், யாரோ போன வருடம் போய்வந்த கதையை நம்பிக் கிளம்பாதீர்கள். அம்பாசமுத்திரம் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். களக்காட்டுப் பக்கம் உள்ள தலையணை, செங்கல்தேரி என்ற இடங்களுக்கும் இதே அறிவுரைதான். பறவை, தாவரம் என்று ஆழமாகத் தெரிந்துகொள்ள ஆசை உள்ளவர்கள் மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தைத் தேடிப் போகலாம். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்துகிறவர்கள் அவர்கள்.

எந்த மாதம்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முதல் பாதி வரை நல்ல பருவம். வானம் தெளிந்திருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும், அட்டை குறையத் தொடங்கியிருக்கும். அதன்பின் தீப் பருவம். ஏப்ரல் வரை மலையேற்றத்தை நிறுத்திவைப்பார்கள். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை சாரல்: காடு கொள்ளை அழகு, அட்டையும் கொள்ளை கொள்ளை. ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் காரையார்ப் பக்கமே தலை வைக்காதீர்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு லட்சக்கணக்கில் சனம் வந்து ஆற்றங்கரையில் குடில் போட்டுத் தங்கும். திருவிழா பார்க்க வேண்டுமானால் அதற்கென்று தனியாக வாருங்கள்.

அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை. மாஞ்சோலைக்கு மேலே உள்ள நாலுமுக்கிலும் ஊத்திலும் ஒரே நாளில் கொட்டுகிற மழை அளவைத் தினத்தந்தியில் பார்த்திருப்பீர்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி என்ன செய்தது என்று திருநெல்வேலி டவுனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நடுமலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஓடை ஏறும். காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை மதியம் இடுப்பளவு வரலாம். தண்ணீர் நிறம் மாறிக் கலங்கினாலோ, சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, பாறைமேல் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தாலும் எழுந்து கரையேறிவிட வேண்டும்.

முந்தின நாள்

திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை ரயிலில் ஏறினால் கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் எதில் வேண்டுமானாலும் இறங்கலாம். பஸ் என்றால் புதிய பஸ் நிலையத்திலிருந்து பாபநாசம் வண்டி. இரவு அம்பாசமுத்திரத்திலோ விக்கிரமசிங்கபுரத்திலோ தங்குங்கள். தனியாக வருகிற பெண்களுக்கு அம்பாசமுத்திரம் வசதி. கடைவீதியும் பஸ் நிலையமும் பக்கத்தில், இரவு எட்டு மணிக்கும் சாப்பாடு கிடைக்கும். அறையில் தூங்கப் போகுமுன் வீட்டில் ஒருவருக்கு எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவேன், வழிகாட்டியின் எண் எது என்று எழுதி அனுப்பிவிடுங்கள். மேலே போனால் கைப்பேசியில் கோடே இருக்காது.

பையில் வைக்க வேண்டியவை அதிகமில்லை. முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை; நிறம் மங்கலாக. வெள்ளை, சிவப்பு, மின்னுகிற மஞ்சள் வேண்டாம். அடியில் நல்ல பிடிப்புள்ள காலணி. புதுக் காலணியை முதன்முதலாகக் காட்டில் போட்டால் குதிகால் கொப்பளித்துவிடும். சென்ட், வாசனை எண்ணெய் எதுவும் பூச வேண்டாம். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்த்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை எடுத்துவிடுவார்கள். மதியத்துக்குப் புளிச்சோறு வாழையிலையில் கட்டி வாங்கிக்கொண்டால் கெடாது, குப்பையும் சேராது. குடைக்குப் பதில் மழைக்கோட்டு: குடை கொடியில் மாட்டும், அதைப் 'படக்'கென்று விரிக்கிற சத்தத்துக்குப் பக்கத்தில் எந்த விலங்கு நின்றாலும் மிரளும்.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×42 வாங்குங்கள். கடைக்காரர் இன்னும் பெரிதாகத் தெரியும் என்று 10, 12 மடங்கு உள்ளதை நீட்டுவார். மழைக்காட்டின் தரைக்கு வருகிற வெளிச்சம் உச்சியில் விழும் வெயிலில் நூற்றில் ஓரிரு பங்குதான். உருப்பெருக்கம் ஏற ஏற, அந்த இருட்டில் கை நடுக்கம்தான் பெரிதாகத் தெரியும்.

காலை நடை: காதிலிருந்து தொடங்குங்கள்

அனுமதி நேரம் எப்போது தொடங்குகிறதோ அப்போதே சாவடியில் நிற்க வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் கிடைப்பது அன்று முழுவதும் கிடைக்காது.

மழைக்காட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. பச்சை, அதற்குப் பின்னால் பச்சை. அரைமணி நேரம் நடந்தும் ஒரு அணில்கூடக் கண்ணில் படவில்லையே என்று எரிச்சல் வரும். ஆப்பிரிக்கப் புல்வெளியைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒத்துவராது. இங்கே விலங்குகளில் பெரும்பாலானவை முப்பது மீட்டர் உயரத்தில், இலைக்கூரைக்குள் வாழ்கின்றன. ஆகவே முதலில் காது, அப்புறம்தான் கண். வழிகாட்டி எங்காவது நின்றால் நீங்களும் நில்லுங்கள், நின்ற இடத்தில் வாயை லேசாகத் திறந்து மூச்சை விடுங்கள். நம் மூக்குச் சத்தம் நமக்கே இடைஞ்சல். ஐந்து நிமிடத்தில் காடு பேசத் தொடங்கிவிடும்.

ஓடைப் பக்கம் யாரோ பாட்டு மறந்துபோய் முதல் வரியையே விசிலடிப்பதாகக் கேட்டால் அது சீகாரப் பூங்குருவி. கரும் நீல நிறம். பாறைமேல் உட்கார்ந்து வாலை விசிறும். மேலே மரத்தில் கடகடவென்று நீண்ட அதட்டல் வந்தால் மலையணில். அரக்குச் சிவப்பும் கருப்புமாக, வாலோடு சேர்த்து நம் கை நீளத்துக்கு மேல் இருக்கும். அது சும்மா கத்துவதில்லை. சிறுத்தையையோ கழுகையோ பார்த்தாலும் கத்தும். வழிகாட்டி அந்தச் சத்தத்துக்கு நின்றுவிட்டால் நீங்கள் மூச்சுக்கூடச் சத்தமாக விடக்கூடாது. தலைக்கு மேலே பழைய எஞ்சின் மூச்சு வாங்குவதுபோல 'ஹுஷ்… ஹுஷ்…' என்று ஓசை கடந்து போனால் அண்ணாந்து பாருங்கள், பெரிய இருவாச்சி. அதன் இறக்கையின் அடிப்பக்கத்தில் சிறகு இடைவெளியை மூடும் சின்ன இறகுகள் சரியாக இல்லாததால் காற்று ஊடே புகுந்து அந்த ஓசை வருகிறது. பழந்தின்னிப் பறவை. அது கக்கிய கொட்டையிலிருந்து முளைத்த மரங்களுக்குக் கீழேதான் நீங்கள் நடந்துகொண்டிருக்கிறீர்கள்.

ஒலியைக் கேட்ட பிறகு கண். கிளை அசைகிறதா, எந்தக் கிளை, காற்று இல்லாமல் அசைகிறதா என்று வெறும் கண்ணால் பிடியுங்கள். பிடித்ததும் கண்ணை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். குனிந்து பைனாகுலரைத் தேடி எடுத்து நிமிர்ந்தால் அந்த இடமே மறந்துவிடும். சின்னப் பறவைகள் பல இனமும் கலந்து ஒரே கூட்டமாக இரை தேடிக்கொண்டு போகும். பத்து நிமிடம் ஒன்றுமே இருக்காது, திடீரென்று நாலு பக்கமும் இறகாக இருக்கும், ஒரு நிமிடத்தில் போய்விடும். துடுப்புவால் கரிச்சான் அடிக்கடி அந்தக் கூட்டத்தில் இருக்கும், அதன் குரலை வைத்தே வழிகாட்டி கூட்டத்தைக் கண்டுபிடிப்பார்.

கருப்பாக ஒரு குரங்கு தெரிந்ததும் "சோலைமந்தி!" என்று துள்ளாதவர்கள் இல்லை. பத்தில் ஒன்பது தடவை அது கருமந்தி. முகத்தைப் பார்க்காதீர்கள், வாலைப் பாருங்கள். கருமந்திக்கு வால் நீளம், நேராகத் தொங்கும். தலை மட்டும் பொன்னிறப் பழுப்பு. சோலைமந்திக்கு வால் குட்டை, நுனியில் குஞ்சம். முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பலில் பிடரி. கருமந்தி கிளை விட்டுக் கிளை தாவி ஆர்ப்பாட்டமாக ஓடும். சோலைமந்தி கூட்டம் பரவி நின்று, கிளையைத் தோண்டி, பூச்சியைப் பொறுக்கி, பழத்தைக் கடித்து வேலை பார்த்துக்கொண்டே நகரும். மேலிருந்து தொடர்ந்து ஏதாவது விழுந்துகொண்டிருந்தால் அண்ணாந்து பார்க்க வேண்டிய நேரம்.

அப்படி விழுவதில் முள் உருண்டை ஒன்று இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். அது வெடிப்பலாக் காய், ஆரஞ்சு அளவுக்கு, பழுப்பு நிறத்தில், உடம்பெல்லாம் முள். துரியன் பழத்தின் உறவு. இந்த மலையின் மேல்காட்டில் அதிகம் இருக்கிற மரங்களில் இது ஒன்று, சோலைமந்தியின் சாப்பாட்டில் பெரும்பங்கு இதுதான். மற்ற மரம் பழுக்காத காலத்தில் இதன் பூ கைகொடுக்கும். கிளையிலேயே கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கும் பூவுக்கு இதழ் கிடையாது, சதைப்பற்றான புல்லிவட்டம்தான். அதைத் தின்ன குரங்கும் அணிலும் வௌவாலும் வருகின்றன. வழிகாட்டியிடம் வெடிப்பலா எங்கே என்று கேட்டுவிட்டு, காய்க்கும் மரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பது நாலு கிலோமீட்டர் சுற்றுவதைவிட மேல். பக்கத்தில் நாங்கு மரம் இருந்தால் அதன் கொழுந்து ரத்தச் சிவப்பாகத் தொங்குவதைப் பார்க்கலாம், பூ என்று பலரும் படமெடுத்துப் போவார்கள்.

புலி? பார்க்க மாட்டீர்கள். பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மண்ணில் அடித்தடம், மரத்தில் நகக்கீறல், மிளா மானின் எச்சரிக்கைக் குரல் கிடைத்தாலே அது பெரிய நாள்.

அட்டை

இதற்குப் பயந்தே பாதிப் பேர் வருவதில்லை. அட்டை நோய் பரப்பாது, வலிக்காது, அருவருப்பு மட்டும்தான். உடம்புச் சூட்டையும் மூச்சையும் தரை அதிர்வையும் உணர்ந்து இலைநுனியில் எழுந்து நின்று துழாவும். அதைப் பக்கத்தில் குனிந்து ஒருதடவை பாருங்கள்: நூலாக மெலிந்து நீளும், வாயை முன்னால் ஊன்றி வாலை இழுத்துக்கொண்டு வளைந்து வளைந்து காலணியை நோக்கி வரும். ஒரே இடத்தில் நிற்கிறவரைத்தான் அதிகம் பிடிக்கும். பேசிக்கொண்டு நிற்க வேண்டுமானால் பாறைமேல் நில்லுங்கள்.

முழங்கால் வரை வரும் நெருக்கமான துணி அட்டை உறை கிடைக்கிறது. கால்சட்டையை அதற்குள் செருகிக் கட்டிவிடுங்கள். அதன்மேல் மூக்குப்பொடியோ புகையிலைத் தூளோ தேய்ப்பது ஊர்ப் பழக்கம், மழையில்லாத நாளில் வேலை செய்யும். கடித்துவிட்டால் தீக்குச்சி கொளுத்திச் சுடாதீர்கள், பிய்த்து இழுக்காதீர்கள். விரல் நகத்தால் மெல்லிய முனைப்பக்கம் வழித்துத் தள்ளினால் விட்டுவிடும். பிறகு ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். உறையவிடாத ஒரு பொருளை அது உள்ளே விட்டிருக்கிறது, பதற வேண்டியதில்லை. கழுவி, துணியை அழுத்திக் கட்டிவிட்டு நடங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் அட்டைக் காலத்தைத் தவிர்த்துவிடலாம்.

யானை, காட்டுமாடு, கரடி

ஓடையோரம் ஈத்தல் என்கிற நாணல் மூங்கில் அடர்ந்து நிற்கும் இடங்களில் யானை இருக்க வாய்ப்பு அதிகம். வழிகாட்டி திடீரென்று நின்று மூக்கை உயர்த்தினால், அல்லது புதுச் சாணத்தைக் காலால் தொட்டுப் பார்த்தால், இனி பேச்சு கிடையாது என்று அர்த்தம். "பேசாதீங்க, பின்னால போங்க" என்பார். அவ்வளவுதான் உத்தரவு. ஏன் என்று கேட்கிற நேரம் அது இல்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து அவர் உங்களைச் சுற்றி அழைத்துப் போவார், நடை ஒரு மணி நேரம் நீளும், சில நாள் பாதியிலேயே திரும்பவும் நேரும். பணம் கட்டியிருக்கிறேனே என்று முறுக்கிக்கொண்டு நிற்கிறவர்கள் உண்டு. அந்த நேரத்தில் வழிகாட்டியின் முகத்தைப் பார்த்தால் புரியும், அவர் பயப்படுவது உங்கள் பணத்துக்கு இல்லை.

கூட்டம் பிரிந்து தனியாக நிற்கிற காட்டுமாட்டுக்கு வழிவிட்டு ஒதுங்குங்கள். கரையான் புற்று புதிதாக இடித்துக் கிடந்தால் கரடி பக்கத்தில் இருக்கலாம். புதரோரம் சிறுநீர் கழிக்கத் தனியாக ஒதுங்கினாலும் வழிகாட்டியிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கூச்சம் பார்க்க வேண்டாம், பெண்களும் சொல்லலாம், அவர் இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நிற்பார்.

குடியிருப்பு வழியாகப் போனால்

சில தடங்கள் காணிக் குடியிருப்பை ஒட்டிப் போகும். அது வேடிக்கை பார்க்கிற இடம் இல்லை. வேலிக்குள் நுழையுமுன் வழிகாட்டியைக் கேளுங்கள், குழந்தைகளைப் படமெடுக்காதீர்கள், மிட்டாய் கொடுத்துப் பழக்காதீர்கள். மரச்சீனிக்கிழங்கு அவித்துக் கொடுத்தால் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். தேனோ நல்லமிளகோ விலைக்குக் கொடுத்தால் பேரம் பேசாமல் வாங்குங்கள். டவுன் கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நீங்களே வெட்கப்படுவீர்கள். நடை முடிந்ததும் வழிகாட்டிக்குத் தனியாக ஏதாவது கொடுக்க நினைத்தால், எல்லார் முன்னாலும் நீட்டாமல் கைகுலுக்கும்போது கொடுத்துவிடுங்கள்.

மதியமும் சாயங்காலமும்

பதினொரு மணிக்கு மேல் காடு அடங்கிவிடும். அந்த நேரத்தில் நடந்து வீணாகக் களைப்பாவதைவிட, நிழலில் உட்கார்ந்து பார்த்ததையும் கேட்டதையும் எழுதி வையுங்கள். வழிகாட்டி பக்கத்தில் இருக்கும்போதே மரத்தின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டால் பிறகு தேட வேண்டாம். படம் இருக்கிறதே என்று விட்டால் இரண்டு வாரத்தில் எந்த இலை எந்த மரத்துடையது என்றே மறந்துபோகும்.

காப்பகத்துக்குள் இரவு நடை கிடையாது. மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அதனால் இரண்டாவது நடையைக் கீழே வைத்துக்கொள்ளலாம். என் தேர்வு திருப்புடைமருதூர். கடனாநதி தாமிரபரணியில் சேருகிற இடம், நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் கொக்கும் நாரையும் அடைவதைப் பார்க்கலாம். 2005-இல் இந்தியாவின் முதல் இயற்கைப் பாதுகாப்பு வலயமாக (கன்சர்வேஷன் ரிசர்வ்) அறிவிக்கப்பட்டது இந்தக் குட்டி இடம்தான். ஊர்க்காரர்கள் பறவைக்கு இடைஞ்சல் வராமல் பார்த்துக்கொண்டதால் கிடைத்த பெயர் அது. வெயில் சாய்ந்து ஐந்து மணிக்கு மேல் ஆற்றுப்படியில் உட்கார்ந்தால் போதும், நடக்கக்கூட வேண்டாம். கோயில் கோபுரத்துக்குள் இருக்கும் மரச்சிற்பங்களும் ஓவியங்களும் வேறு ஒரு நாளுக்கு.

அறைக்கு வந்த பிறகு

உடுத்திய துணியைக் கட்டிலில் போடாதீர்கள். நேராகத் தண்ணீரில் முக்கிவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்து, அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு, காதுக்குப் பின்புறம் எல்லாம் தடவிப் பாருங்கள். கீழ்க்காட்டின் புல்லில் உண்ணி ஏறியிருக்கும். அதைத் தலையோடு சேர்த்துப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும், நசுக்கக்கூடாது.

அட்டையைவிட நான் அஞ்சுவது கண்ணுக்கே தெரியாத ஒருவகைச் சிற்றுண்ணியை. அது கடித்தால் வருவது ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல், தமிழ்நாட்டில் புதிதல்ல. காட்டுக்குப் போய்வந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் கடுமையாக வந்தால், வைரஸ் காய்ச்சல் என்று மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். உடம்பில் எங்காவது சிகரெட் சுட்டது மாதிரிக் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போய் எந்தத் தேதியில் எந்தக் காட்டில் நடந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையிலேயே குணமாகிவிடும்.